இரண்டை அடக்காதிருத்தல்: யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

மலச்சிக்கலைப் பற்றிக் கதைக்க எங்கட சனத்துக்கு வெட்கம். பழைய வைத்தியர்களுக்கும் மார்க்க அறிஞர்களுக்கும் அந்த வெட்கம் இருக்கவில்லை.

தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, மலத்தையும் சிறுநீரையும் அடக்கக் கூடாதென்கிறது. பேதி மருந்துக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமில் ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கும் ஹதீஸோ, அவ்விரண்டின் நெருக்குதலை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாமென்கிறது. ஒன்று உடல்நலத்தை நோக்கியது. மற்றது தொழுகையின் மன ஒருமையை நோக்கியது. இரண்டும் சொல்வது ஒன்றே: வந்தால் அடக்காதே.

அடக்காமலிருக்க இடம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அந்த இடம் பனங்காணியும் பற்றைக்காடும்தான். ‘வெளிக்குப் போறது’ என்ற பேச்சே அதைச் சொல்லும். ‘கக்கூஸ்’ என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள்.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கட்டர் எழுதிய உடலியல் நூலை 1850களில் தமிழாக்கியபோது, சுகாதாரத்துக்கு அவர் எடுத்த சொல் ‘உற்பாலனம்’. நோய் வந்தபின் மருந்து தேடுவதோடு, வராமல் காக்கும் அன்றாடப் பழக்கமும் பாடமாயிற்று.

அந்தப் பழக்கத்துக்கு உடலியற் காரணம் உண்டு. சாப்பாடு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். விடியக் காலமை இது கூடுதல். ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் ஒரே நேரத்தில் போய் இருப்பது நல்லது. அடக்கினால் பெருங்குடல் மலத்திலுள்ள நீரை மேலும் உறிஞ்சும், மலம் இறுகும். குரக்கன், தவிடு நீக்காத சிவப்பரிசி, முருங்கையிலை, ஒடியற் கூழ் எல்லாம் நார் தருபவை. நாருக்குத் தண்ணீரும் வேண்டும். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் அதைப் பிரித்துக் குடிக்கலாம். அரபியில் ‘ஸனா’ எனப்படும் நிலாவாரை குடலைத் தூண்டும் மருந்து. தினச் சாப்பாடு அல்ல.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெரு முதலிய இடங்களில் வாழ்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வடக்கிலிருந்து அப்படி வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணிடம் ‘அடக்காதே’ என்று சொல்ல ஏலுமா? தண்ணீரைக் குறைத்துக் குடித்து, இருட்டும்வரை பொறுப்பதுதான் வழியென்றால், அதை அவளுடைய கெட்ட பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

இடப்பெயர்வின் வரலாற்றை எழுதும்போது வீடு, காணி, கடை என்று கணக்கெடுக்கிறோம். கழிப்பறையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மீள்குடியேறும் வீட்டில், பாடசாலையில், பள்ளிவாசலில் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருந்தால்தான் முன்னோர் சொன்ன புத்தி நடைமுறைக்கு வரும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, போக்கு திடீரென மாறி நீடித்தாலோ கைமருந்தோடு நிற்காமல் வைத்தியரிடம் போகவேணும். அங்கேயும் வெட்கம் வேண்டாம்.