கொட்டகை

மாடு கட்டும் இடத்துக்கும் படம் பார்க்கும் இடத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: கொட்டகை. சரிவான கூரை வேய்ந்து, சுவர் இல்லாமலோ அரைச்சுவரோடோ நிற்கும் அமைப்பைத்தான் இச்சொல் குறித்தது. கொட்டில், கொட்டம் ஆகியவை இதன் உறவுகள். கன்னடத்தில் கொட்டிகெ, தெலுங்கில் கொட்டாமு. வடமொழிக் ‘கோஷ்ட’த்தோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பேச்சில் ககரம் தேய்ந்து ‘கொட்டாய்’ ஆகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் நடுவே உள்ள சிறு குடியிருப்பும் கொட்டாய்தான்.

அரங்கு என்ற பழஞ்சொல் தமிழில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்கே கொடுக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆடுபவர் நிற்கும் மேடைக்கு உரியது. பார்ப்பவர் தலைக்கு மேல் இருந்த கூரையைச் சுட்டியது கொட்டகை. டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கும் வழக்கம் வந்ததும், கம்பெனிகள் மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்த இடம் நாடகக் கொட்டகை ஆயிற்று. கிரேக்கத்தில் பிறந்த ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்கும் பார்க்கும் இடம் என்றே மூலப்பொருள். தமிழ்ச்சொல் பார்வையைக்கூடச் சொல்லவில்லை, நிழலோடு நின்றுகொண்டது.

சினிமாவும் அதே கூரைக்குள் வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கட்டடத்தை எழுப்பினார். பெயரில் கொட்டகையும் இல்லை, சினிமாவும் இல்லை. பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. சாலை மட்டும் வெரைட்டி ஹால் ரோடாகவே தங்கிவிட்டது.

செங்கல் சுவர் எழும்பிய பிறகும் மக்கள் வாயில் ‘சினிமாக் கொட்டகை’ மாறவில்லை. சிற்றூர்களில் பொருளும் மாறவில்லை. டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட டெண்ட் கொட்டாயில் தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து முன்வரிசைத் தலைகளைத் தாண்டிப் பார்த்தார்கள். பக்கம் திறந்திருந்ததால் இருட்டிய பிறகே ஆட்டம். புரொஜெக்டர் ஒன்றே என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு விற்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், கீற்றும் அப்படியே. அதனால் படக்கருவிக்கு மட்டும் தனி அறை தேவைப்பட்டது.

‘திரையரங்கு’ என்ற ஆக்கம் அச்சில் நிலைபெற்றபோது, மேடைக்குரிய அரங்கு கட்டடம் முழுவதற்கும் பெயரானது. பேச்சில் தியேட்டர் வென்றது. பழைய டெண்ட் கொட்டாய்கள் மறைந்துவிட்ட ஊர்களில் இன்று கொட்டகை என்றால் மாட்டுக்கொட்டகை. இல்லாவிட்டால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை.