சாயப் பட்டறையிலிருந்து ஒரு மருந்து

1935 டிசம்பர். ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊர். கிறிஸ்துமஸ் நெருங்கிக் கொண்டிருந்தது. ஆறு வயசு ஹில்டகார்ட், ஊசியும் நூலுமாக ஏதோ அலங்காரம் தைத்துக் கொண்டிருந்தாள். ஊசியைக் கையில் பிடித்தபடியே மாடிப்படியில் இறங்கியவள் தடுக்கி விழ, ஊசி கைக்குள் இறங்கி உடைந்துவிட்டது.

டாக்டர்கள் ஊசியை எடுத்தார்கள். ஆனால், கை வீங்கியது. சீழ் வைத்தது. கீறிவிட்டார்கள்; மறுபடி வைத்தது. மறுபடி கீறல். ஜுரம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், கையை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்கிற நிலைமை. அப்படி எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

‘ஊசி குத்தினதுக்குப் போய் இவ்வளவா?’ என்று நமக்குத் தோன்றும். அன்றைக்கு அதுதான் நிலைமை! 1924-ல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் 16 வயசு மகன் சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம். ரத்தத்தில் விஷம் ஏறி, சில நாட்களில் போய்ச் சேர்ந்துவிட்டான். நாட்டிலேயே சிறந்த டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். கையைப் பிசைவதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஹில்டகார்டுக்கு ஒரு அதிர்ஷ்டம். அவளுடைய அப்பா பெயர் கெர்ஹார்ட் டோமாக். அவர் தன் லேபிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு மருந்தைக் கொண்டுவந்து மகளுக்குக் கொடுத்தார். ஜுரம் இறங்கியது. கை தப்பித்தது.

பல புத்தகங்களில் இந்த இடத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார்கள். யாரும் சாப்பிட்டுப் பார்க்காத மருந்தை, வேறு வழியில்லாமல் சொந்த மகளுக்கே முதன்முதலாகக் கொடுத்தார் என்று. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால், டோமாக் அந்த மருந்தைப் பற்றிய கட்டுரையை 1935 பிப்ரவரியிலேயே வெளியிட்டுவிட்டார். அதற்கு முன்பே ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. மகளுக்குக் கொடுக்கும்போது அந்த மருந்து எதைச் செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

ஏன் எதைச் செய்கிறது என்பதுதான் தெரியாது! உலகத்தில் யாருக்குமே அன்றைக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போவோம். முதல் உலகப் போரில் டோமாக் ராணுவத்தில் சேர்ந்தபோது மருத்துவக் கல்லூரி மாணவன். 1914-லேயே காயம் பட்டு, பிறகு மருத்துவப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்கே பார்த்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சர்ஜன் அற்புதமாக ஆபரேஷன் செய்வார். குண்டை எடுத்துவிடுவார். ஒரு வாரத்தில் சிப்பாய் செத்துப் போவான். கொன்றது குண்டு இல்லை. புண்ணுக்குள் புகுந்த கிருமி.

1927-ல் டோமாக் பேயர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது ஐ.ஜி. ஃபார்பன் என்ற பிரம்மாண்டமான சாய வியாபாரக் கூட்டணியில் ஒரு பகுதி. துணிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு மருந்தில் என்ன வேலை? இந்த யோசனை பால் எர்லிக் என்ற மேதை போட்ட விதை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சில சாயங்கள் கிருமியின் மேல் மட்டும் ஒட்டுகின்றன, பக்கத்திலிருக்கும் திசுவில் ஒட்டுவதில்லை. அப்படியானால் கிருமியை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்கும் ஒரு ‘மந்திரத் தோட்டா’வைச் செய்ய முடியாதா? எர்லிக்கே 1909-ல் ‘606’ என்கிற ஆர்சனிக் மருந்தைக் கண்டுபிடித்துச் சிபிலிஸை ஒரு கை பார்த்தார். ஆனால், சீழ் வைக்கும் சாதாரண பாக்டீரியாக்களிடம் யாருடைய தோட்டாவும் எடுபடவில்லை.

கெமிஸ்டுகள் க்ளாரரும் மீட்ஷும் விதவிதமாகச் சாயங்களைச் செய்து அனுப்புவார்கள். டோமாக் அவற்றை எலிகளிடம் சோதிப்பார். வருஷக்கணக்கில் தோல்வி. 1932 கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சிவப்புச் சாயத்தின் முறை வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்ட எலிகளில், மருந்து கொடுக்காத 14-ம் செத்துப் போயின. மருந்து கொடுத்த 12 எலிகளும் கூண்டுக்குள் ஓடியாடிக் கொண்டிருந்தன!

அதற்கு வைத்த பெயர் ப்ரான்டோசில். கம்பெனி உடனே பேட்டன்டுக்கு மனுப் போட்டது. வெளியுலகத்துக்குச் சொன்னது மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து. அந்த இடைவெளியில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கம்பெனிகள் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை.

இதில் ஒரு புதிர். எலியின் உடம்புக்குள் இந்தச் சாயம் பிரமாதமாக வேலை செய்தது. டெஸ்ட் டியூபில் கிருமியோடு நேரடியாகக் கலந்தால்... ஒன்றுமே நடக்கவில்லை!

புதிரை அவிழ்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ட்ரெஃபூயெல் தம்பதியும் அவர்களுடைய சகாக்களும், 1935-ம் வருஷ முடிவில், அந்தச் சாயம் உடம்புக்குள் போனதும் இரண்டாக உடைகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிவப்பு நிறத்துக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே கிடையாது. வேலை செய்வது உடைந்த துண்டுகளில் ஒன்றான, நிறமே இல்லாத சல்ஃபனிலமைடு. அதை 1908-லேயே வியன்னாவில் கெல்மோ என்ற மாணவர் தயாரித்துவிட்டார். பேட்டன்ட் எல்லாம் காலாவதி. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். பேயர் அதிகாரிகளின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

லண்டனில் குவீன் ஷார்லட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோல்புரூக், பிரசவ ஜுரம் வந்த பெண்களுக்கு இதைக் கொடுத்தார். அதுவரை அந்த ஜுரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பெண் இறந்து கொண்டிருந்தாள். 1936-ல் கோல்புரூக் வைத்தியம் பார்த்த 64 பேரில் இறந்தது 3 பேர். பெற்ற குழந்தையின் முகத்தைப் பார்த்த கையோடு கண்ணை மூடிய எத்தனையோ தாய்மார்களின் கதை அத்தோடு மாறத் தொடங்கியது. அதே வருஷக் கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகனும் இதே மருந்தால் பிழைக்க, பேப்பரெல்லாம் அதே செய்தி. கூலிட்ஜ் மகனுக்கும் ரூஸ்வெல்ட் மகனுக்கும் நடுவே பன்னிரண்டே வருஷம்தான்.

பேட்டன்ட் இல்லை, கிராக்கி ஏராளம். விளைவு? கண்டவனும் தயாரித்தான். 1937-ல் டென்னஸியில் ஒரு கம்பெனி, குழந்தைகள் சாப்பிட வசதியாக சல்ஃபனிலமைடை சிரப்பாக்க நினைத்தது. தண்ணீரில் கரையவில்லை. டை எத்திலீன் கிளைக்காலில் அருமையாகக் கரைந்தது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து விற்றுவிட்டார்கள். ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் திரவம் கிட்னியைக் காலி செய்யும் விஷம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் துடிதுடித்து இறந்தார்கள், பலர் குழந்தைகள். கம்பெனி மேல் போட முடிந்த கேஸ் என்ன தெரியுமா? ‘எலிக்ஸிர்’ என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஆல்கஹால் சேர்க்கவில்லை என்பது! விஷம் விற்றதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1938-ல் புதுச் சட்டம் வந்தது. ஆனாலும் அதே டை எத்திலீன் கிளைக்கால், 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் சிரப்பில் இருந்தது. அந்த சிரப் தயாரானது நம்முடைய காஞ்சிபுரத்தில்.

சரி, இந்த மருந்து கிருமியை என்னதான் செய்கிறது? 1940-ல் டொனால்ட் வுட்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் விடை சொன்னார். ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தால் சல்ஃபா செயலிழப்பதை அவர் பார்த்தார். அதில் எது காரணம் என்று துருவியபோது அகப்பட்டது பாரா அமினோ பென்சாயிக் ஆசிட். சுருக்கமாக ‘பாபா’ (ரஜினி படம் இல்லை!). அதன் உருவத்தை வரைந்து பார்த்தால் சல்ஃபனிலமைடுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

இட்லி மாவை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். உயிர் வளர ஃபோலிக் ஆசிட் என்கிற ‘மாவு’ தேவை. நமக்கு மாவுக் கடை இருக்கிறது. கீரை, பயறு என்று சாப்பிட்டு ரெடிமேடாக வாங்கிக் கொள்கிறோம். இந்தப் பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டிலேயே அரைத்தாக வேண்டும். ‘பாபா’தான் அவற்றின் உளுந்து. சல்ஃபா, உளுந்து போலவே இருக்கும் பொடிக்கல். ஏமாந்து கிரைண்டரில் போட்டால் மாவு வராது. கிரைண்டர் ஓடியது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம் வீட்டில் கிரைண்டரே இல்லாததால் அந்தக் கல் நம்மை ஒன்றும் செய்வதில்லை. எர்லிக் தேடிய மந்திரம் இதுதான். கிருமிக்கு இருந்து நமக்கு இல்லாத ஒன்றைப் பார்த்து அடிப்பது. பென்சிலினும் இதே தந்திரம்தான். பாக்டீரியாவைச் சுற்றி இருக்கும் சுவரைக் கட்டவிடாது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது.

ஒரு வித்தியாசம் உண்டு. சுவர் இல்லாத பாக்டீரியா வெடித்துச் சாகும். மாவு இல்லாத பாக்டீரியா சாவதில்லை, பெருகாமல் நிற்கும். மீதி வேலையை நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சீழ் கட்டிய இடத்தில் சல்ஃபா தடுமாறுவதும் இதனால்தான். செத்த செல்கள் நிறைந்த அந்தக் குப்பையில், கிருமிக்குத் தேவையான சரக்கு பாதி தயாராகவே கிடைத்துவிடுகிறது.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. சில, கூடை கூடையாக ‘உளுந்து’ தயாரித்துக் கல்லை ஓரங்கட்டின. சில, கல்லை உள்ளேயே விடாதபடி கிரைண்டரின் அமைப்பையே மாற்றிக் கொண்டன. 1940-களிலேயே வெட்டை நோய்க் கிருமி சல்ஃபாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு சல்ஃபாவோடு ட்ரைமெத்தோப்ரிமைச் சேர்த்தார்கள். முதலாவது அரைக்க விடாது. தப்பித் தவறி அரைத்தாலும் இரண்டாவது புளிக்க விடாது. மருந்துக் கடையில் செப்ட்ரான் என்று கேட்டால் இந்த ஜோடியைத்தான் தருவார்கள்.

சல்ஃபாவின் நெருங்கிய சொந்தக்காரனான டாப்சோன் அடைப்பதும் அதே கிரைண்டரைத்தான். அதைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். இடம், நம் செங்கல்பட்டை அடுத்த திருமணி. 1940-களில் அங்கே நடந்த வேலைக்கே தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

டோமாக்குக்கு 1939-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள். நாஜிகளை எதிர்த்த ஒஸியட்ஸ்கிக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுத்த கோபத்தில், ஜெர்மானியர் யாரும் அதை வாங்கக்கூடாது என்று ஹிட்லர் தடை போட்டிருந்தார். டோமாக் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதிவிட்டார். வந்தது கெஸ்டபோ! ஒரு வாரம் சிறையில் வைத்து, ‘பரிசு வேண்டாம்’ என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். 1947-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் மெடலையும் பட்டயத்தையும் வாங்கிக் கொண்டார். பணம் மட்டும் கிடைக்கவில்லை. விதிப்படி அது காலாவதியாகிவிட்டதாம்.

அந்தச் சமயத்தில் அவர் டி.பி. பக்கம் திரும்பியிருந்தார். 1952-ல் ஐசோநியாசிட் வந்தபோது, ஒரே நேரத்தில் அதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த மூன்று குழுக்களில் ஒன்று அவருடையது. இன்றைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் டி.பி.க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் அது இருக்கிறது.