டூட்டூவும் பாவாடையும்

பலே ஆடுவோரின் ‘டூட்டூ’ உடையைத் தமிழில் ‘குட்டைப்பாவாடை’ என்று எழுதிவிடுவது பொருந்தாது. 1832இல் பாரிஸில் ஆடற்கலைஞர் மரீ தக்லியோனி ‘லா சில்ஃபீத்’ பலேயில் அணிந்தது கெண்டைக்கால்வரை தொங்கிய வெண்ணிற உடை, இடுப்பில் தட்டுப்போல விரிந்து நிற்பது பின்னால் வந்தது. பெயரோ, பின்புறத்தைக் குறிக்கும் ‘க்யூக்யூ’ என்ற பிரெஞ்சு மழலைச்சொல்லின் திரிபு என்பர். அப்படியானால் ‘பாவாடை’ என்ற சொல்லே வேண்டாமா? வேண்டும். பாவும் ஆடை, அதாவது பரப்பும் துணி. யாழ்ப்பாணத்துச் சடங்குகளில் நிலத்தில் விரிப்பது நிலபாவாடைதானே. பெண்ணுடை என்ற பொருள் இன்று முந்திக்கொண்டது, அவ்வளவே. பிழை ‘குட்டை’யில் இருக்கிறது: அளவைச் சொல்லி விரிவை விட்டுவிடுகிறது. பரதம் பயில்வோருக்கு உடையின் முன்மடிப்பு ‘விசிறி’. ‘விசிறிப்பாவாடை’ எனலாமே. விசிறி மடிப்பாயிற்றே, டூட்டூ வலைத்துணி அடுக்காயிற்றே என்று கேட்கலாம். விரிவது இரண்டுக்கும் பொது.