ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமா? அந்த ஒரு பேப்பரைத் தொலைச்சிடாதீங்க!

வயிற்றில் மூணு, நாலு சின்னத் தழும்புகள். ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ், சில வாரங்களில் மறுபடி ஆபீஸ். லேப்ராஸ்கோப்பி மூலம் ஃபைப்ராய்டு கட்டியை அகற்றிக்கொண்ட பலரும், 'இதெல்லாம் ஒரு ஆபரேஷனா' என்று கொஞ்ச நாளில் மறந்தே போகிறார்கள். கல்யாணத்துக்கு முன் நடந்தது என்றால், புகுந்த வீட்டில் மூச்சு விடாமல் இருப்பவர்களும் உண்டு.

ஆனால், நீங்கள் கர்ப்பமானால் அந்த ஆபரேஷன் மறுபடி முக்கியமாகிவிடும். வயிற்றின் மேல் தெரியும் தழும்பு டாக்டருக்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே, கர்ப்பப்பையின் சுவரில் இருக்கும் தழும்புதான் விஷயமே.

கட்டி எங்கே இருந்தது?

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையில் வளரும் கட்டி. கிட்டத்தட்ட எல்லாமே புற்றுநோய் அல்லாத கட்டிகள்தான். அது இருந்த இடத்தைப் பொறுத்தே உங்கள் பிரசவத் திட்டம் அமையும்.

கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த கட்டி என்றால், வயிற்றில் வெட்டே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து எடுத்திருப்பார்கள். தசையை ஆழமாக வெட்டாததால், இவர்களில் பெரும்பாலானோர் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம்.

வெளிப்பக்கம் காம்புபோல ஒட்டியிருந்த கட்டியிலும் தசைக்குப் பெரிய சேதம் இருக்காது. ஆனால், சுவருக்குள்ளேயே புதைந்திருந்த கட்டி வேறு கதை. தசையை வெட்டி, கட்டியை எடுத்து, அடுக்கடுக்காகத் தையல் போட்டிருப்பார்கள். குழந்தை வளர வளர கர்ப்பப்பை விரியும்போது, அந்தத் தையல் போட்ட இடமும் சேர்ந்து விரிய வேண்டும்.

எப்போ கர்ப்பமாகலாம்?

தசையில் வெட்டும் தையலும் இருந்தால், குறைந்தது 3 முதல் 6 மாதங்கள் காத்திருக்கச் சொல்வது வழக்கம். வெட்டு பெரிது என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதுவரை கருத்தடை அவசியம். வயது 35-ஐத் தாண்டிவிட்டது என்றால், 'நான் எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?' என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

இந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். ஃபைப்ராய்டால் மாதாமாதம் அதிக ரத்தம் போயிருந்தால் ரத்தச்சோகை இருக்கலாம். ஹீமோகுளோபினைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் பொதுவான அளவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார்.

சுகப்பிரசவமா, சிசேரியனா?

முதலில் நல்ல செய்தி: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலரும் நல்லபடியாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். பயம் ஒரே விஷயத்தில்தான். தழும்பு இருக்கும் இடத்தில் கர்ப்பப்பை கிழிவது. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கும். ஆனால் நடந்துவிட்டால் தாய், குழந்தை ரெண்டு பேருக்குமே உயிராபத்து. பிரசவ வலி வருவதற்கு முன்பே, கடைசி மூணு மாதங்களில்கூட இது நேரலாம்.

அதனால்தான் ஆழமான வெட்டு இருந்தவர்களுக்கு, வலி வரும்வரை காத்திருக்காமல் பெரும்பாலும் 37, 38 வாரங்களில் சிசேரியன் திட்டமிடுகிறார்கள். மேலோட்டமான வெட்டுதான் என்றால், உடனடி சிசேரியனுக்கும் ரத்தம் ஏற்றவும் வசதியுள்ள மருத்துவமனையில், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்தபடி சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். வலி வரவைக்கும் மருந்துகளில் சில இவர்களுக்கு ஏற்றதல்ல. ஆபரேஷன் பற்றித் தெரிந்தால்தானே டாக்டரால் அதைத் தவிர்க்க முடியும்?

தாய்வீட்டுக்குப் போகும் முன்...

நம் ஊரில் சிக்கலே இங்கேதான். வளைகாப்பு முடிந்து, தாய்வீட்டுக்குப் போனதும் ஊரும் மாறும், டாக்டரும் மாறுவார். புது டாக்டருக்கு வயிற்றில் சின்னத் தழும்பு மட்டும்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கட்டி அகற்றப்பட்டது' என்று ஒற்றை வரிதான் இருக்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 'ஆபரேஷன் நோட்ஸ்'. அதில் இவை இருக்கின்றனவா பாருங்கள்:

* எத்தனை கட்டிகள், எந்த அளவு, எந்த இடம்?
* தசையில் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள்? கர்ப்பப்பையின் உள்ளறை வரை போனதா?
* எத்தனை அடுக்குத் தையல்?
* அடுத்த பிரசவம் பற்றி சர்ஜனின் ஆலோசனை என்ன?

போட்டோ எடுத்து போனில் வையுங்கள். கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருந்தாலும் அந்த பேப்பர் பேசும்.

உடனே கிளம்புங்கள்!

திடீரெனத் தாங்க முடியாத வயிற்று வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம், குழந்தையின் அசைவு குறைவது... இதில் எது வந்தாலும் 'சூட்டு வலியா இருக்கும், கஷாயம் குடி' என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் நடந்ததை ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

மாமியாரிடம் சொல்வதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்காதீங்க!