மூடிய அறையின் வெப்பமும் சோர்வும்: ஓர் ஆய்வு வரலாறு

குளிர் நாடுகளில் கதவு, சன்னல்களை அடைத்துக் கணப்பு மூட்டிய அறையில் பலர் நெடுநேரம் கூடியிருந்தால் தலைவலி, தூக்கக் கலக்கம், சோர்வு ஆகியவை தோன்றும். இதற்குக் காரணம் மூச்சுக்காற்றில் உள்ள நஞ்சா, அறையின் வெப்பமா என்ற வினாவுக்கு விடை காண அறிவியலாருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் 1834இல் தீக்கிரையானது. அதன்பின் அமைந்த தற்காலிக மக்களவையில் டேவிட் பாஸ்வெல் ரீட் என்பவர் வெதுவெதுப்பான காற்றைத் தரையிலிருந்த சிறு துளைகள் வழியே மேலே செலுத்தினார். உயரமான புகைபோக்கியில் மூட்டிய தீ அதைக் கூரை வழியாக வெளியே இழுத்தது. உறுப்பினர்களின் காலணித் தூசியும் காற்றோடு கிளம்பியதால் முணுமுணுப்பு எழுந்தது.

மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என 1858இல் வரையறுத்தார். அந்த வாயுவே கேடு செய்கிறது என்று அவர் சொல்லவில்லை. மக்கள் நெரிசலால் காற்று எவ்வளவு கெட்டுள்ளது என்பதைக் காட்டும் அடையாளமாகவே அதைக் கொண்டார். இந்த வேறுபாட்டைப் பின்வந்தோர் பலர் மறந்துவிட்டனர். 1880களின் இறுதியில் பாரிசில் பிரவுன்-செக்கார், தார்சொன்வால் இருவரும் மூச்சுக்காற்றில் ஒரு நஞ்சு இருப்பதாகவே அறிவித்தனர். மற்றவர்களின் சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆயினும் அச்சம் நீங்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் சில, பள்ளிகளில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 கன அடி புதுக்காற்று வேண்டும் என்று சட்டமே இயற்றின.

திருப்பம் 1905இல் வந்தது. பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விராத்ஸ்வாஃப்) கார்ல் ஃபுளுகேயின் மாணவர்கள் ஒருவரை மூடிய சிற்றறைக்குள் அமர்த்தினர். வெப்பமும் ஈரமும் ஏற ஏற அவர் தளர்ந்தார். குழாய் வழியே வெளிக்காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தும் தளர்ச்சி நீங்கவில்லை. அதே சிற்றறையின் கெட்ட காற்றை வெளியே இருந்தவர் குழாயில் சுவாசித்தார். அவருக்கு எந்தத் துன்பமும் இல்லை. உள்ளே ஒரு விசிறியைச் சுழலவிட்டதும், காற்று அதே காற்றாக இருந்தும், உள்ளிருந்தவர் தெளிவடைந்தார். இவ்வளவு எளிய சோதனை இத்தனை தாமதமாக நடந்தது வியப்புக்குரியதே.

விளக்கம் இதுதான். ஓய்வில் இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்று அசையாவிட்டால், தோலை ஒட்டிச் சூடும் ஈரமும் மிக்க படலம் ஒன்று போர்வைபோல் நிற்கிறது. காற்றோட்டம் அதைக் கலைக்கிறது. வியர்வையும் எளிதில் ஆவியாகிறது.

இலண்டனில் லெனர்டு ஹில் இதையொத்த சோதனையை மாணவர்களைக் கொண்டு செய்தார். தீக்குச்சி பற்றாத அளவுக்கு ஆக்சிசன் குறைந்தபோதும் மின்விசிறி அவர்களுக்கு ஆறுதல் தந்தது. காற்றின் குளிர்விக்கும் ஆற்றலை அளக்க அவர் 'காட்டா வெப்பமானி'யை உருவாக்கினார். அது 100 பாகை ஃபாரன்ஹீட்டிலிருந்து 95 பாகைக்குக் குளிர எடுக்கும் நேரமே அளவு. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் அது பயன்பட்டது.

1913இல் அமைக்கப்பட்ட நியூயார்க் மாநிலக் காற்றோட்ட ஆணையம் 1923இல் அறிக்கை வெளியிட்டது. அறை மிகையாகச் சூடானால் உடலுழைப்பு குறைகிறது என்று அது கண்டது. 30 கன அடிச் சட்டத்தையும் அது ஏற்கவில்லை. வகுப்பறைகளுக்குத் திறந்த சன்னலே பெரும்பாலும் போதும் என்றது. ஆனால் கணப்பின் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உண்மையான நஞ்சு. அதற்கு விசிறி மருந்தாகாது. காற்றோட்டம் மிகுந்தாலும் தொல்லைதான்: சூடான அறையில் கழுத்திலும் கணுக்காலிலும் படும் குளிர்காற்று உட்கார்ந்திருப்பவரை வருத்தும். ஆகவே டென்மார்க்கின் ஓலே ஃபேங்கர் 1970இல் வெளியிட்ட சமன்பாட்டில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சுற்றுப்பரப்புகளின் கதிர்வெப்பம், ஆடை, உடலுழைப்பு ஆகிய ஆறும் சேர்ந்தே இடம்பெற்றன.