உடல்மணத்தை ஏந்திய கலங்கள்

மனித உடலின் வாசனையை ஆராய்ந்த சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அளக்கும் யந்திரங்களின் வளர்ச்சியையே வரிசைப்படுத்திச் செல்கின்றனர். ஆயினும் அந்த ஆய்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கையில், ஒவ்வொரு காலத்திலும் கண்டறியப்பட்டது இன்னது என்பதை யந்திரத்தைக் காட்டிலும் அதிகமாக நிர்ணயித்தது, வாசனையை ஏந்திய கலமும், அக்கலம் உடம்பின் எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்பதும், ஒப்பிடுவதற்கு யாருடைய உடம்பு எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதுமே என்ற முடிவுக்கு நான் வரவேண்டியதாயிற்று. கண்ணாடிக் குழாய், பஞ்சு, காஸ் துணி, மணி, உருளை என்னும் எளிய பொருள்களின் கதையாகவே இதனைச் சொல்கிறேன்.

ஜெர்மானிய உடற்கூற்று நிபுணர் ஷீஃபர்டெக்கர் 1922-இல் வியர்வைச் சுரப்பிகளை இருவகையாகப் பிரித்தார். உடலெங்கும் பரவி, உஷ்ணத்தைத் தணிக்க நீர் போன்ற வியர்வையைச் சுரப்பது எக்ரைன். அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் மயிர்க்காலை ஒட்டி அமைந்து, குழம்பிய பால் போன்ற சிறு துளியைச் சுரப்பது அபோக்ரைன். இந்த இரண்டாம் துளியைத் தனியே பிடித்துப் பார்த்தாலன்றி நாற்றத்தின் மூலம் விளங்காது என்பதை உணர்ந்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சரும வைத்தியர்களான ஷெல்லியும் ஹர்லியும் ஆவர். சுத்தம் செய்த அக்குளின் தோலுக்குள் அட்ரீனலினை ஊசியால் ஏற்றி, மயிர்க்காலின் வாயில் துளி அரும்பும்வரை காத்திருந்து, அதனை மெல்லிய நுண்குழாயால் உறிஞ்சி எடுத்த அவர்கள், 1953-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: அப்போதே சுரந்த அத்துளிக்கு வாசனையே இல்லை. கிருமி தீண்டாமல் காத்தால் அது அவ்வாறே இருந்தது. தோலில் வாழும் பாக்டீரியா கலந்தபோதுதான் அக்குளின் நாற்றம் எழுந்தது. வியர்வை நாறுகிறது என்று உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை ஒரு கண்ணாடிக் குழாய் மறுத்துவிட்டது. ஆனால் அந்த வாசனையற்ற துளிக்குள் என்ன ஒளிந்திருந்து பின்னர் நாற்றமாகிறது என்று கேட்டபோது, அத்தனை சிறிய துளியைப் பகுத்துச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

வழி அப்போதுதான் லண்டனில் பிறந்திருந்தது. ஜேம்ஸும் மார்ட்டினும் 1952-இல் வெளியிட்ட வாயு குரோமட்டோகிராபி முறையில், எண்ணெய் பூசிய துகள் நிரம்பிய நீண்ட குழாயினூடே நைட்ரஜன் வாயு கலவையைச் சுமந்து செல்ல, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வேளையில் தனித்தனியே வெளியே வந்தது. அவர்கள் முதலில் பிரித்துக் காட்டியவை ஆவியாகும் கொழுப்பு அமிலங்களே என்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமான தற்செயல். அவ்வாறு வெளிவருவதை இன்னதென்று அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் அப்பத்தாண்டிலேயே அதனுடன் இணைக்கப்பட்டது.

இவ்வளவு நுட்பம் கைவந்த பிறகும் ஒரு பெரும் பிழை நேர்ந்ததை இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மனநோய் வைத்தியர் காத்லீன் ஸ்மித் அம்மையாரும் சைன்ஸ் என்பவரும், ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகளின் வியர்வையில் தனியொரு வாசனை உண்டென்றும், பழக்கிய எலிகள் அதனைப் பிரித்தறிகின்றன என்றும் 1960-இல் எழுதினர். 1969-இல் அம்மையாரும் தாம்ப்ஸன், காஸ்டர் என்னும் இருவரும் அவ்வாசனைக்குக் காரணம் 3-மெத்தில்-2-ஹெக்சினோயிக் அமிலம் என்று அறிவித்தபோது, மனநோய்க்கு ரசாயன அடையாளம் கிட்டிவிட்டதென்று பலரும் நம்பியிருப்பர். ஆனால் 1973-இல், நுட்பம் மிகுந்த முறையால் நோயாளிகளின் வியர்வையையும் நோயற்றவர்களின் வியர்வையையும் ஒருங்கே அளந்தபோது, அவ்வமிலம் இருசாராரிடமும் வேறுபாடின்றி இருந்தது. இந்த மறுப்புக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஸ்மித் அம்மையாரும் ஒருவர். தாம் நாட்டிய கொடியைத் தம் கையாலேயே இறக்கிய அச்செயலை, கண்டுபிடிப்புகள் பலவற்றினும் மேலாகவே நான் மதிக்கிறேன். அமிலத்தை அடையாளம் கண்டதில் தவறில்லை. அது யாருக்கு உரியது என்று கொண்டதிலேதான் தவறு.

அது பொதுவாக மனித அக்குளின் வாசனைக்கே உரியது என்பதை நிறுவியவர் பிலடெல்பியாவில் மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெட்டி. அதுவரை அக்குள் நாற்றத்துக்கு ஐசோவலேரிக் அமிலத்தையும், ஆண்ட்ரோஸ்டினோன் போன்ற ஸ்டீராய்டுகளையும் காரணமாகச் சொல்லிவந்தனர். பிரெட்டியின் குழுவினர் ஆடவர் அக்குளில் பஞ்சுப் பட்டைகளை வைத்து, அவற்றில் ஊறியதைப் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராபி யந்திரத்தின் வாயில் மனித மூக்கையே இரண்டாம் கருவியாக வைத்து முகர்ந்து பார்த்தனர். 1991-இல் வெளிவந்த அம்முடிவின்படி, அக்குளின் குணவாசனை முழுவதும் அமிலப் பகுதியிலேயே தங்கியிருந்தது. அதில் முதன்மையானது செயின்ட் லூயிஸில் பெயர் பெற்ற அதே அமிலம். 2003-இல் சுவிட்சர்லாந்தின் ஜிவாடான் ஆய்வுக்கூடத்தில் நாட்ஷ் என்பாரும் தோழர்களும், இவ்வமிலம் சுரக்கும்போது குளூட்டமினோடு பிணைந்து வாசனையின்றி வருகிறதென்றும், கோரினிபாக்டீரியத்தின் என்ஸைம் ஒன்று அப்பிணைப்பை அறுத்து விடுவிக்கிறதென்றும் காட்டியபோது, ஷெல்லியின் துளி எழுப்பிய கேள்விக்கு ஐம்பதாண்டு கழித்து விடை கிடைத்தது. அடுத்த ஆண்டே, மிகச் சொற்ப அளவிலேயே மூக்கைத் தாக்கும் கந்தகச் சேர்மங்களும் அக்குளில் கண்டறியப்பட்டன.

பஞ்சுக்கும் துணிக்கும் ஒரு தோஷம் உண்டு: அவை வெறுமையானவை அல்ல, சலவையின் வாசனையும் நெய்த இடத்தின் எண்ணெயும் அவற்றிலேயே இருக்கும். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸார் சந்தேகத்துக்குரியவர் அமர்ந்த நாற்காலியின்மேல் மஞ்சள் துணியை வைத்து, பின்னர் நாய்க்கு முகரக் கொடுப்பதற்காக அதனைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து மூடி வைத்தனர். முகர்ந்தது நாயாதலால், துணியின் சொந்த வாசனை அவர்களுக்குப் பொருட்டாக இருந்திருக்காது. ரசாயன யந்திரத்துக்கோ அப்படியல்ல. ஆகவே புளோரிடாவில் கொசுவை ஈர்க்கும் மணத்தைத் தேடிய பெர்னியர், சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளைத் தன்னார்வலரின் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டச் செய்து, அம்மணிகளையே சூடேற்றி, எழுந்த ஆவியை யந்திரத்துள் செலுத்தினார். கண்ணாடிக்கென்று வாசனை கிடையாது.

பின்னர் நோவோட்னி என்பாரின் குழுவினர் சிலிகோன் பூசிய சிறு உருளையைத் தோலின்மேல் உருட்டினர். அளவு தெரிந்த ஒரு பொருளை அதில் முன்னதாகவே ஏற்றி வைத்ததால், தோலிலிருந்து வந்தவற்றின் அளவையும் கணிக்க முடிந்தது. ஆஸ்திரியாவின் ஒரு கிராமத்தில் 197 பேரிடம் பத்து வாரங்களில் ஐந்துமுறை இவ்வாறு எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, பென் என்னும் ஆய்வாளர் முதலியோர் 2007-இல், காலம் மாறினும் மாறாத 373 சேர்மங்களைக் குறித்தனர். அவற்றுள் சில வெளியிலிருந்து, சோப்பிலிருந்தும் வாசனைப் பொருள்களிலிருந்தும் ஒட்டியவையாக இருக்கலாம் என்ற ஐயம் மட்டும் இந்த உருளையையும் விட்டபாடில்லை.

இடத்தின் முக்கியத்துவத்தைக் கடைசியாக உணர்த்தியவர் ஒரு மனைவி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முன்னாள் செவிலியான அவர், தம் கணவருக்குப் பார்க்கின்ஸன் நோய் என்று வைத்தியர் சொல்லும் முன்பே பல ஆண்டுகளாக அவர்மேல் ஒரு புதிய வாசனையை உணர்ந்திருந்தார். அந்த அம்மையாரைப் பரிசோதித்த எடின்பரோ ஆய்வாளர்கள் நோயாளிகள் அணிந்த சட்டைகளைக் கொடுத்தபோது, வாசனை அக்குளில் இருக்குமென்றே எதிர்பார்த்தனர். அம்மையாரோ அது கழுத்துப்பட்டையில் இருக்கிறது என்றார். மேல்முதுகு எண்ணெய்ப்பசை மிகச் சுரக்கும் இடம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பெர்டிட்டா பாரன் குழுவினர் அவ்விடத்தைக் காஸ் துணியால் துடைத்தெடுத்து ஆராய்ந்து, நோயாளிகளிடம் ஹிப்யூரிக் அமிலம், ஐகோசேன், ஆக்டாடெகனல் ஆகியவை மிகுந்தும் பெரில்லிக் ஆல்டிஹைடு குறைந்தும் இருப்பதை 2019-இல் வெளியிட்டனர்.