டுசெல்: ஒரு சிற்றாறும் ஒரு கவிஞரின் பெயரும்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இடப்பெயராய்வு குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆள்பெயர் ஊர்ப்பெயராவதும் ஊர்ப்பெயர் ஆள்பெயராவதும் பற்றிய பேச்சின் நடுவே ஒரு மாணவி எழுந்து, "நியாண்டர்தால் மனிதன் என்று படிக்கிறோமே அம்மா, நியாண்டர் என்பவர் யார்?" என்று வினவினாள். 'தால்' என்றால் செருமானிய மொழியில் பள்ளத்தாக்கு என்பது வரை அறிந்திருந்தேன். நியாண்டர் யார் என்று அன்று சொல்ல இயலவில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்த விடை வியப்பைத் தந்தது. அவர் ஒரு கவிஞர். அவரைத் தேடிச் சென்ற வழியில் ஓர் ஆறும் கிடைத்தது. கவிஞர்கள் கூடிப் பத்தாண்டுகளாக நடத்திவரும் இவ்வமைப்பின் சிறப்புமலருக்கு அந்த ஆற்றின் வரலாறே பொருத்தமான காணிக்கை எனக் கருதுகிறேன்.

ஆற்றின் போக்கு

நதிமூலம் ரிஷிமூலம் ஆராயலாகாது என்பது நம்மவர் வழக்கு. டுசெல் ஆற்றின் மூலத்தை ஆராய்வதற்குப் பெரும் முயற்சி ஒன்றும் தேவையில்லை. மேற்குச் செருமனியில், ரைன் பேராற்றுக்குக் கிழக்கே, பெர்க் கோமகன்களின் ஆட்சியால் 'பெர்கிஷ் நாடு' எனப் பெயர்பெற்ற மேட்டுநிலம் உள்ளது. அங்கே வுல்ஃப்ராத், ஃபெல்பர்ட் என்னும் ஊர்களுக்கு இடைப்பட்ட புல்வெளிகளில் இவ்வாறு ஊற்றாகத் தோன்றுகிறது. தன் பெயரையே கொண்ட டுசெல் என்னும் சிற்றூரையும், பழைய மரச்சட்ட வீடுகள் நிறைந்த குரூய்டன் ஊரையும் கடந்து, மெட்மன், எர்க்ராத் நகரங்களுக்கு இடையே நியாண்டர் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. மெட்மன் ஓடை இங்கே வந்து கலக்கிறது. பின்னர் எர்க்ராத், கெரஸ்ஹைம் வழியாகச் சமவெளியில் இறங்கி ரைனை அடைகிறது. மொத்த நீளம் சுமார் 40 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு மறுநாள் மாலைக்குள் நடந்து முடித்துவிடக்கூடிய ஆறு இது.

இத்துணைச் சிறிய ஆறு ரைனில் கலக்குமிடத்தில் மட்டும் பேராறுகளைப் போல நடந்துகொள்கிறது. கெரஸ்ஹைம் அருகே வட டுசெல், தென் டுசெல் என இரண்டாகப் பிரிகிறது. வடகிளையிலிருந்து கிட்டல்பாஹ் என்னும் வாய்க்காலும் தென்கிளையிலிருந்து புரூக்கர்பாஹ் என்னும் வாய்க்காலும் பிரிய, நான்கு முகங்களாக ரைனை அடைகிறது. இது இயற்கை வகுத்த கழிமுகம் அன்று. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றவும், கோட்டை அகழிகளை நிரப்பவும், வெள்ளத்தைப் பகிர்ந்தனுப்பவும் மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியும் திருப்பியும் அமைத்த போக்கு. நகரின் புகழ்பெற்ற அரசவீதியின் நடுவே மரநிழலில் அமைதியாகக் கிடக்கும் நீர்நிலையும் டுசெல் தரும் நீரே. பழைய நகரப் பகுதியில் தெருக்களுக்கு அடியில் மறைந்து ஓடும் ஆறு, ஓரிடத்தில் மட்டும் சற்றே வெளிப்பட்டு மீண்டும் மறைகிறது.

ஆற்றின் பெயரை, 'ஓசையிடுவது' எனப் பொருள்தரும் பழஞ்சொல் ஒன்றோடு தொடர்புபடுத்துவர் மொழிநூலார். 'டார்ஃப்' என்பது சிற்றூர். டுசெல் ஆற்றங்கரைச் சிற்றூர் என்பதே டுசெல்டார்ஃப். 1288ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த வோரிங்கன் போரில் கொலோன் பேராயரை எதிர்த்த அணி வென்றது. அவ்வணியில் நின்ற பெர்க் கோமகன் ஐந்தாம் அடால்ஃப் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இச்சிற்றூருக்கு நகர உரிமை வழங்கினார். இன்று ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாநிலத் தலைநகர் அது. ஆயினும் அதன் பெயர் இன்றும் 'சிற்றூர்' என்றே முடிகிறது. ஊர் வளரலாம், பெயர் பிறந்த இடத்தை மறப்பதில்லை.

பெயர் தந்த கவிஞர்

யோவாகிம் நியாண்டர் 1650இல் பிரேமன் நகரில் பிறந்தவர். குடும்பத்தின் பழைய பெயர் நொய்மன். அதற்குப் 'புதிய மனிதன்' என்பது பொருள். கற்றோர் தம் பெயர்களைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் மாற்றிக்கொள்வதைப் பெருமையாகக் கருதிய காலத்தில், இவருடைய பாட்டனார் அப்பெயரைக் கிரேக்கமாக்கி 'நியாண்டர்' எனச் சூட்டிக்கொண்டார். பெயர்மாற்றத்தில் நாட்டமுடைய தமிழறிஞர் தலைமுறை ஒன்றை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

நியாண்டர் 1674இல் டுசெல்டார்ஃப் நகரின் இலத்தீன் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். வீடுகளில் தனிக்கூட்டங்கள் கூட்டி வழிபாடு நடத்தினார் என்பதற்காகச் சபை மூப்பர்களின் சினத்துக்கு ஆளானார். சிலகாலம் பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். ஊருக்குக் கிழக்கே டுசெல் பாயும் பாறைப் பள்ளத்தாக்கு அவருக்குப் புகலிடமாக இருந்தது. அங்கே உலவிப் பாடல்கள் இயற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. 1679இல் பிரேமன் திரும்பினார். மறு ஆண்டு, முப்பது வயதில் மறைந்தார். அதே 1680இல் அவருடைய பாடல் தொகுதி வெளிவந்தது. அதிலுள்ள துதிப்பாடல் ஒன்றைக் கொண்டு 1725இல் யோகான் செபாஸ்டியன் பாஹ் ஓர் இசைநாடகத்துக்கு ஒப்பான பெரும் பாமாலையைப் படைத்தார். இன்றும் உலகெங்கும் பல மொழிகளில் பாடப்பெறுவது அப்பாடல்.

அவர் வாழ்ந்தபோது அப்பள்ளத்தாக்குக்கு அவர் பெயர் இல்லை. 'பாறைகள்' என்னும் பொருள்பட அதனைப் பொதுவாக அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த பெரிய குகை ஒன்று 'நியாண்டர் குகை' எனப்பட்டது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பள்ளத்தாக்கு முழுமையும் நியாண்டர்தால் ஆயிற்று. பள்ளித் தலைமைப் பணியிலிருந்து சிலகாலம் விலக்கப்பட்டவரின் பெயர், அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு நிலப்பகுதிக்கு உரியதாயிற்று. அதனை அரசாணை எதுவும் சூட்டியதாகத் தெரியவில்லை. மக்கள் வழக்கே சூட்டியது.

இடிந்த பள்ளத்தாக்கு

இப்பள்ளத்தாக்கின் பாறை சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பக்கடலின் அடியில் பவளம் முதலிய உயிர்கள் கட்டிய திட்டுகளே பின்னாளில் இப்பாறையாயின. டுசெல் அதனை அறுத்து அறுத்து, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமும் 50 மீட்டர் ஆழமும் கொண்ட குறுகிய பிளவை ஆக்கியிருந்தது. இருபுறமும் செங்குத்துச் சுவர்கள், குகைகள், சிற்றருவிகள். டுசெல்டார்ஃப் ஓவியக்கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இங்கு வந்து வரைந்தனர், விழாக்களும் கொண்டாடினர். 1835இல் பொங்கார்ட் என்பவர் நியாண்டர் குகைக்குச் செல்லும் நடைப்பயணத்தை ஒரு நூலாகவே எழுதினார்.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1838இல் டுசெல்டார்ஃபிலிருந்து எர்க்ராத் வரை இருப்புப்பாதை வந்தது. 1841இல் எல்பர்ஃபெல்ட் வரை நீண்டது. அருகிலுள்ள ரூர் பகுதியில் இரும்பு உருக்கும் தொழில் பெருகியது. இரும்புத்தாதுவை உருக்கும்போது மாசு நீக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும், கட்டடத்துக்கும் வேண்டும். கல் இருந்தது, கொண்டுசெல்ல வண்டியும் வந்துவிட்டது. நூற்றாண்டின் நடுவில் பாறைச் சுவர்களுக்கு வெடி வைக்கத் தொடங்கினர். சில பத்தாண்டுகளில் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவர்கள் மறைந்தன. கவிஞரின் பெயர் தாங்கிய குகையும் மறைந்தது. ராபென்ஸ்டைன் எனப்படும் அண்டங்காக்கைப் பாறை போன்ற ஒன்றிரண்டு எச்சங்களே மிஞ்சின. நியாண்டர் உலவிய நிலத்தை இன்று காண விரும்புவோர் ஓவியர்கள் வரைந்த தாள்களில்தான் காண இயலும். 1921இல் அப்பகுதி இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. செருமனியின் தொடக்ககாலக் காப்பிடங்களுள் ஒன்று என்னும் பெருமை அதற்குண்டு. ஆயின் காக்கவேண்டிய பாறைகள் போனபின் வந்த காப்பு அது.

எலும்புகள் கூறிய கதை

1856ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஆற்றுமட்டத்துக்குச் சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருந்த சிறிய ஃபெல்ட்ஹோஃபர் குகையைத் தகர்ப்பதற்கு முன், அதிலிருந்த களிமண்ணைத் தொழிலாளர்கள் வெட்டி வெளியே எறிந்தனர். மண்ணோடு எலும்புகளும் விழுந்தன. குகைக்கரடியின் எலும்புகளாக இருக்கலாம் எனக் கருதிய கல்லுடைப்பு உரிமையாளர்கள், எல்பர்ஃபெல்ட் பள்ளியில் இயற்கையறிவியல் கற்பித்த யோகான் கார்ல் ஃபுல்ராட் என்பவருக்குச் சொல்லியனுப்பினர். மண்டையோட்டின் மேல்பகுதி உட்பட 16 எலும்புகள் அவர் கைக்கு வந்தன. இவை மனித எலும்புகள், அதுவும் மிகப் பழைய மனிதனுடையவை என அந்தப் பள்ளியாசிரியர் உணர்ந்தார். 1857இல் பான் நகர உடற்கூற்றியல் பேராசிரியர் ஷாஃப்ஹவுசனும் அவரும் இதனை அறிஞர் அவையில் வெளியிட்டனர். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவருவதற்கு ஈராண்டுகள் முன் இது நிகழ்ந்தது.

அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1814இல் நெப்போலியனின் படையைத் துரத்திவந்த கோசாக் குதிரைவீரன் ஒருவன் நோயுற்றுக் குகையில் ஒதுங்கி மாண்டிருப்பான் என்றார் மாயர். நோயால் உருத்திரிந்த எலும்புகள் இவை என 1872இல் கூறினார் பெரும்புகழ் வாய்ந்த ருடால்ஃப் ஃபிர்கோ. இதற்கிடையே 1864இல் வில்லியம் கிங் இம்மனிதனைத் தனி இனமாக வகுத்துப் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார். 1886இல் பெல்ஜியத்தின் ஸ்பீ என்னுமிடத்தில் இத்தகைய எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே ஐயம் தளர்ந்தது. ஃபுல்ராட் 1877இலேயே மறைந்துவிட்டார். தம் கூற்று நிலைபெற்றதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. குகை எங்கிருந்தது என்பதே மறந்துபோன நிலையில், ஷ்மிட்ஸ், திஸன் என்னும் இரு தொல்லியலார் 1997இலும் 2000இலும் அகழ்ந்து, அன்று தொழிலாளர்கள் எறிந்த களிமண்ணையே மீண்டும் கண்டெடுத்தனர். அதிலிருந்த எலும்புத்துண்டு ஒன்று 1856இல் கிடைத்த இடத் தொடையெலும்போடு பிசிறின்றிப் பொருந்தியது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமையான ஒருவனின் உடல், 140 ஆண்டுப் பிரிவுக்குப் பின் சற்றே சேர்ந்தது. அதே 1997இல் ஸ்வாந்தே பேபோ குழுவினர் அவனுடைய கையெலும்பிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்துப் படித்தனர். 2010இல் வெளிவந்த விரிவான ஆய்வு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் சிறு பங்கு இவ்வினத்தாருடையது எனக் காட்டியது. அப்பங்கு 1 முதல் 2 விழுக்காடு என இன்று மதிப்பிடுகின்றனர். பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிட்டியது. ஆகவே டுசெல் ஆற்றங்கரை மனிதன் நமக்கு அயலான் அல்லன். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் ஒவ்வொருவரிடத்தும் அவ்வினத்தின் சிறு கூறு உண்டு.

'புதிய மனிதன்' எனப் பொருள்படும் பெயர், மறைந்துபோன பழைய மனிதனுக்கு அமைந்தது. எந்தக் கவிஞரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாத முரண் அது.

ஹைனேயும் பூனைக்குட்டியும்

ஆறு தன் பெயர் தந்த நகரை அடையுமிடத்தில் இன்னொரு கவிஞர் நிற்கிறார். ஹைன்ரிஹ் ஹைனே 1797இல் டுசெல்டார்ஃபின் போல்க்கர் தெருவில் பிறந்தவர். 1827இல் வெளிவந்த உரைநடைப் படைப்பொன்றில் அவர் ஒரு சிறுபருவ நிகழ்ச்சியைச் சொல்கிறார். டுசெல் நீரில் விழுந்த பூனைக்குட்டியை எடுக்குமாறு தோழன் வில்ஹெல்மிடம் கூறுகிறார். அவன் பலகைமீது ஏறிக் குட்டியைக் காப்பாற்றுகிறான். தான் விழுந்து இறக்கிறான். பூனைக்குட்டி நெடுநாள் வாழ்ந்தது என்று மட்டும் சொல்லி ஹைனே மேலே செல்கிறார். பாரிஸில் நோய்ப்படுக்கையில் கிடந்த காலத்தில், 1851இல் வெளிவந்த ரோமன்செரோ தொகுதியில், அதே வில்ஹெல்மையும் அதே பூனையையும் மீண்டும் பாடுகிறார். ரைன் ஆற்றுக்கு உலகப்புகழ் தேடித்தந்த பாடலை எழுதியவரின் நெஞ்சை வாழ்நாள் முழுதும் விடாதிருந்தது அந்த ஓடையின் நீர்.

நிறைவாக

கவிஞர் பெயரைச் சூட்டியதால் பள்ளத்தாக்கு பிழைத்ததா என்றால், இல்லை. புகழ்பெற்ற இடம் என்பதை அறிந்தே வெடி வைத்தனர். பாட்டு பாறையைக் காக்கவில்லை என்பதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அங்கே என்ன இருந்தது என்பதை நாம் அறிவது ஓவியராலும் நடந்து சென்று எழுதியவராலும். குப்பையாக எறியப்பட்டதில் மனிதன் இருந்தான் என்பதை அறிந்தது ஒரு பள்ளியாசிரியரின் கூர்ந்த பார்வையால். இடத்தை உற்றுநோக்கியோர் இல்லாதிருந்தால் இழந்தோம் என்னும் செய்தியும் இழந்ததோடு போயிருக்கும்.

சிற்றாறு என்பதால் அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையில் டுசெல் கரைகடந்து கெரஸ்ஹைம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. மக்களை வெளியேற்ற நேர்ந்தது. தெருவுக்கடியில் மறைத்துவிட்ட ஆறும் ஆறுதான்.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்குரிய விடையைக் காலம் தாழ்த்தியேனும் இங்கு எழுதிவிட்டேன். மன்றத்துக் கவிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேராறுகளைப் பாடப் பலர் இருக்கின்றனர். அவரவர் ஊர்ப்புறத்தில் பெயர் மட்டும் எஞ்சி ஓடும் ஓடை ஒன்றிருக்கும். அடுத்த பத்தாண்டு மலர் வருமுன் அதன் கரையில் ஒருமுறை நடந்து, கண்டதைக் கண்டவாறு எழுதி வையுங்கள்.